பைபாஸ் குழாய் பதினைந்து வருடம் கழித்துப் புடைப்பது ஏன்?

பெரியப்பாவுக்கு வந்தது வெறும் இருமல்தான். திங்கள்சந்தையில் நாற்பது வருடம் வாழைக்குலை வியாபாரம் செய்தவர். தலைவலிக்குக்கூட மாத்திரை போட யோசிப்பார். மூன்று வாரம் இருமல் நிற்கவில்லை என்று பெரியம்மா இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் காட்டினார். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். இதய நிழலின் வலது ஓரத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்கு, ஓரம் வழித்துவிட்டதுபோல ஓர் உருண்டை. கட்டியாக இருக்கலாம், ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். அங்கே இருந்த டெக்னீஷியன், முப்பது வயதுகூட இருக்காது, பழைய எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கேட்டார்: “அய்யா, நெஞ்சத் தொறந்து ஆபரேசன் ஏதும் செஞ்சிருக்கியளா?”

“ஆமா மக்கா, அது ஆச்சு பதினாறு வருசம். திருவந்தரத்துல.”

“பைபாஸா?”

“மூணு அடைப்பு.”

படத்தின் நடுவில், கழுத்துக்குக் கீழிருந்து வயிறு வரை, சின்னச் சின்ன வளையங்களாக வெள்ளைக் கம்பிகள் வரிசையாகத் தெரிந்தன. பிளந்த நெஞ்செலும்பைச் சேர்த்துக் கட்டிய கம்பி அது. எங்கள் கண்ணில் அதுவரை படவே இல்லை. அந்தப் பையன் உள்ளே போய் மருத்துவரிடம் பேசினார். ஊசி நிறுத்தப்பட்டது. அதற்குப் பதில் மருந்து செலுத்தி வேறொரு ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி என்று நினைத்ததற்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. காலிலிருந்து எடுத்து இதயத்தில் தைத்த குழாய் வீங்கி, உருண்டு, பை மாதிரி ஆகியிருந்தது. ஊசி அதற்குள் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மருத்துவத்தில் வெயின் கிராஃப்ட் அனூரிசம் என்று பெயர். தமிழில் ஒட்டுக்குழாய்ப் புடைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். “கால் நரம்பை எடுத்து நெஞ்சில் வைத்தார்கள்” என்றுதான் நம் ஊரில் பைபாஸ் செய்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். பாடப்புத்தகத் தமிழில் நரம்பு என்றால் உணர்ச்சியைக் கடத்துவது. ஆனால் கையில் ஊசி போட நர்ஸ் தேடுவதும் நமக்கு நரம்புதான். இங்கே நரம்பு என்பது சிரை, அதாவது உடம்பின் அழுக்கு ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்து வரும் குழாய். பைபாஸுக்கு எடுப்பது காலின் உள்பக்கத்தில் கணுக்காலிலிருந்து தொடை இடுக்கு வரை ஓடும் சஃபீனஸ் சிரை. அதை எடுத்தாலும் கால் பிழைத்துக்கொள்ளும், ஆழத்தில் ஓடும் மற்ற சிரைகள் வேலையைப் பார்த்துக்கொள்ளும். நீளமாகவும் கிடைக்கும், எளிதாகவும் எடுக்கலாம்.

அப்படி எடுத்த சிரையை வைத்து இதய அடைப்பைத் தாண்டும் வழியை முறையாக நிலைநாட்டியவர் அர்ஜென்டினாக்காரரான ரெனே ஃபவலோரோ. 1967-இல், அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில். அதற்கு முன்பே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலர் செய்து பார்த்திருந்தாலும், இதை அன்றாட அறுவைச் சிகிச்சையாக மாற்றியது அவர் வேலைதான். இந்தியாவில் முதல் பைபாஸ் 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நடந்தது. செய்தவர் டாக்டர் கே.எம். செரியன். அதே 1975-இல்தான், ஒட்டிய சிரை புடைத்துப்போன நோயாளி ஒருவரைப் பற்றிய முதல் கட்டுரை அமெரிக்க இதழ் ஒன்றில் வந்தது. நாம் முதல் குழாயைத் தைத்த வருடமே அந்தக் குழாயின் இந்தக் கோளாறும் பதிவாகிவிட்டது.

சரி, குழாய் ஏன் புடைக்கிறது?

மாத்தூர் தொட்டிப் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு பைபாஸை விளக்குவது எளிது. பள்ளத்தில் பறளியாறு ஓடுகிறது. இந்த மலையின் தண்ணீர் அந்த மலைக்குப் போக வேண்டும். பள்ளத்தை ஒன்றும் செய்யாமல், 115 அடி உயரத்தில் தூண் நிறுத்தி, மேலே தொட்டி கட்டித் தண்ணீரைக் கடத்திவிட்டார்கள். பைபாஸிலும் அடைப்பை யாரும் தொடுவதில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கும். இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்க்குத் தமனி என்று பெயர். அதில் பெரியதான மகாதமனியில் ஒரு முனை, அடைப்புக்கு அப்பால் இதயத் தமனியில் மறுமுனை, நடுவில் கால் சிரை.

வித்தியாசம் எங்கே என்றால், மாத்தூர்த் தொட்டி அந்தத் தண்ணீரின் பாரத்துக்கென்றே கணக்குப் போட்டுக் கட்டிய காங்கிரீட். கால் சிரை அந்த வேலைக்குப் பிறந்ததில்லை. எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால், வயலுக்குள் ஓடும் சின்ன மண் ஓடையை வெட்டி எடுத்து நேரே பெரிய சானலின் மடை வாயில் பொருத்திய கதை.

படுத்திருக்கும் ஒருவரின் கால் சிரைக்குள் ரத்த அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டித்தான் இருக்கும். தமனியில் 120-க்கு 80. விவரம் தெரிந்தவர் ஒருவர் இங்கே மறித்துக் கேட்கலாம்: நிற்கும்போது கணுக்கால் சிரையிலும் அழுத்தம் 90 வரை ஏறுமே, அப்போது தாங்குகிறதே என்று. ஏறும், உண்மைதான். ஆனால் அது அசையாமல் நிற்கிற தண்ணீரின் பாரம். நாலு எட்டு நடந்தால் கெண்டைச் சதை பிழிந்து இறக்கிவிடும். தமனியில் விழுவது அடி. இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. பதினைந்து வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 50 கோடிக்கு மேல். ஒவ்வொரு துடிப்பும் அந்த மெல்லிய சுவரில் ஒரு தட்டு.

சிரையும் சும்மா இருப்பதில்லை. மாற்றி நட்ட கொஞ்ச நாளிலேயே உள்சுவரைத் தடித்துக்கொண்டு தமனி மாதிரி ஆகப் பார்க்கும். முதல் சில வருடம் அது நல்லதற்குத்தான். போகப்போக, தடித்த உள்சுவரில் கொழுப்பு படிகிறது. தமனியில் படிவதைவிட இது வேகமாகவும் மொத்தையாகவும் படியும், எளிதில் உதிரும். கொழுப்பு நிறைந்த இடத்தில் சுவரின் நடுப்பகுதியில் இருக்கும் தசை நார்கள் நைந்துபோகின்றன. பெரும்பாலான குழாய்கள் இதனால் அடைத்துக்கொள்ளும்; பத்து வருடத்தில் பாதிக்குப் பாதி சிரைக் குழாய்கள் அடைந்துவிடுவது மருத்துவர்கள் அறிந்த சங்கதி. வெகு சில குழாய்களில் அடைப்புக்கு மாறாகச் சுவர் பலவீனப்பட்டு வெளியே பிதுங்குகிறது. சிரைக்குள் ரத்தம் பின்னால் வழியாமல் தடுக்கும் வால்வுகள் இருந்த இடங்கள், கிளை பிரிந்து கட்டுப்போட்ட இடங்கள், எடுக்கும்போது கூடுதலாக அழுத்திச் சோதித்த இடங்கள், முன்பே வெரிகோஸ் வந்து சுருண்டு வீங்கியிருந்த சிரை என்று பலவீனத்துக்குப் பல வாசல். அதோடு பிரஷரும் கொழுப்பும் கட்டுக்குள் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம்.

ஒருமுறை பிதுங்கத் தொடங்கினால் அது தானாகவே வளரப் பார்க்கும். குழாயின் குறுக்களவு கூடக்கூட, அதே அழுத்தத்துக்குச் சுவர் தாங்க வேண்டிய இழுவிசையும் கூடும். சானல்கரையில் ஓரிடம் அகன்று வயிறு தள்ளிவிட்டால் அடுத்த மழையில் உடைப்பும் அங்கேதான் வரும் என்று வயல்காரருக்குத் தெரியும். சாதாரணமாக 4, 5 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய் அதன் இயல்பு அளவைப்போல ஒன்றரை மடங்கு ஆனாலே புடைப்பு என்று கணக்கு. பதிவான நோயாளிகளில் பலருக்கு அது சென்டிமீட்டர் கணக்கில்தான் இருந்தது, 10 சென்டிமீட்டரைத் தாண்டியவைகூட உண்டு. சின்னப் புடைப்பைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இதில் இரண்டு வகை இருக்கிறது. மேலே சொன்னது மெய்ப்புடைப்பு: சுவரின் எல்லா அடுக்கும் சேர்ந்து வீங்குவது. குழாயின் நடு உடலில் வரும், பெரும்பாலும் வருடக்கணக்கில் கழித்து. இன்னொன்று பொய்ப்புடைப்பு: தையல் போட்ட முனையில் சின்னதாக விட்டுக்கொடுத்து, ரத்தம் கசிந்து, சுற்றியுள்ள திசுவே பைபோல அதைப் பிடித்து வைத்திருப்பது. பெயரில்தான் பொய். கிருமித் தொற்றினாலோ தையல் தளர்ந்தாலோ அறுவைக்குப் பிறகு சில மாதங்களுக்குள்ளேயே இது வரலாம்.

எத்தனை பேருக்கு வருகிறது? நூற்றில் ஒருவருக்கும் குறைவு. 1975 முதல் 35 வருடங்களில் உலக மருத்துவ இதழ்களில் வெளியான நோயாளிகளைத் திரட்டி 2012-இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் தேறியது 200 பேர் சொச்சம்தான். அவர்களுக்கு அறுவைக்கும் கண்டுபிடிப்புக்கும் நடுவே சராசரியாகப் பதிமூன்று வருடத்துக்கு மேல் இடைவெளி. மூன்றில் ஒருவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, வேறு எதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாக அகப்பட்டது. எங்கள் பெரியப்பாவின் இருமலும் கடைசியில் பார்த்தால் வெறும் சளிதான். அது வந்த சாக்கில் இது மாட்டியது. தொந்தரவு இல்லாதவர்கள் படமே எடுப்பதில்லை என்பதால் உண்மையான எண்ணிக்கை இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தொந்தரவு தரும்போது நெஞ்சுவலியாகத்தான் அதிகம் வரும். புடைப்புக்குள் ரத்தம் சுழன்று தேங்கி உறையும். அந்த உறைவில் ஒரு துணுக்கு பிய்ந்து குழாய் வழியே இறங்கினால் மாரடைப்பு. பெரிதாகிப்போன பை பக்கத்தில் உள்ள இதய அறையையோ நுரையீரல் தமனியையோ அழுத்தினால் மூச்சுத்திணறல், கால் வீக்கம். சிலருக்கு அது இதயத்தின் வலது மேலறைக்குள்ளேயே ஓட்டை போட்டுக்கொண்டு ரத்தத்தை அங்கே கொட்டத் தொடங்கும். நுரையீரல் பக்கம் திறந்துகொண்டால் இருமலில் ரத்தம். உடைந்து இதய உறைக்குள் கொட்டினால் நேரமே இருக்காது. பைபாஸ் செய்து பத்து வருடம் தாண்டிய ஒருவருக்குப் புதிதாக நெஞ்சுவலியோ, ரத்தம் கலந்த இருமலோ வந்தால் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்துக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இந்த நோயில் ஆபத்துக்குச் சமமாக ஏமாற்றும் குணமும் இருக்கிறது. எக்ஸ்ரேயில் இது நுரையீரல் கட்டியாகவோ நெஞ்சுக் கூட்டின் நடுவே வளர்ந்த கட்டியாகவோ வேடம் போடும். எக்கோவில் பார்த்தால் இதய உறையில் நீர்க்கட்டி என்று தோன்றலாம். ஆஞ்சியோகிராம் செய்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். ஆஞ்சியோவில் தெரிவது மருந்து கலந்த ரத்தம் ஓடும் பாதை மட்டும். ஆறு சென்டிமீட்டர் பையில் ஐந்து சென்டிமீட்டருக்கு உறைந்த ரத்தம் அப்பிக் கிடந்தால், நடுவில் ஓடுகிற மெல்லிய தாரை ஒழுங்கான குழாய் மாதிரியே காட்டும். இதய மருத்துவர்களுக்கு இது தெரியும்; நமக்கு ‘ஆஞ்சியோ பார்த்தாச்சு, ஒன்றுமில்லை’ என்பது கடைசித் தீர்ப்பாகப் படும். துல்லியமாகச் சொல்வது இதயத் துடிப்போடு இசைந்து எடுக்கும் சிடி ஆஞ்சியோ. பை எவ்வளவு பெரியது, எவ்வளவு உறைந்திருக்கிறது, எதை அழுத்துகிறது, நெஞ்செலும்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது எல்லாம் அதில் வரும். அதற்குச் செலுத்தும் மருந்து சிறுநீரகத்துக்குச் சுமை. அதனால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை முதலில் பார்ப்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அதைத் தவறாமல் சொல்ல வேண்டும்.

அப்படியானால் பைபாஸ் செய்த எல்லாரும் வருடா வருடம் சிடி எடுக்க வேண்டுமா? வேண்டாம் என்றுதான் சொல்வேன். இவ்வளவு அரிதான ஒன்றுக்காக அத்தனை பேர் சிறுநீரகத்தையும் பணப்பையையும் வதைப்பதில் அர்த்தமில்லை. வேண்டியது ஸ்கேன் இல்லை, ஞாபகம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் சிக்கலே அங்கேதான்.

1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம். ஆனால் பெரிய நோய் என்றால் கால் இன்னும் திருவனந்தபுரத்துக்குத்தான் நடக்கும். நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டர்கூட இல்லை. காலையில் ரயில் ஏறினால் சாயங்காலம் வீடு. அறுவை அங்கே நடக்கிறது. தையல் பிரித்து, இரண்டு மூன்று தடவை போய்வந்த பிறகு போக்கு நின்றுவிடும். மாத்திரை தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ தொடரும். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், முட்டிவலிக்கு இன்னொருவர். இருமல் என்று போகும் இடத்தில் “முன்னே ஏதாவது ஆபரேஷன்?” என்று கேட்டால், பதினாறு வருடத்துக்கு முந்தையது நம் ஆட்களுக்கு ஞாபகமே வராது. ‘பைபாஸ் பண்ணியாச்சு, எஞ்சின் புதுசு’ என்று அதை என்றைக்கோ முடிந்த கணக்காக எழுதித் தள்ளியிருப்பார்கள். சட்டையைக் கழற்றாமல் நெஞ்சுத் தழும்பு தெரியாது, வேட்டியை ஏற்றாமல் கால் தழும்பு தெரியாது.

காகிதம்? இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மருத்துவர் வைத்திருக்க வேண்டிய காலம் மூன்று வருடம். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நல்ல விதிதான், ஆனால் நோய் வருவது பதிமூன்றாம் வருடத்தில். பெரியப்பாவுக்கு அறுவை செய்த மருத்துவமனைக்கு நாங்கள் போனபோது, பழைய கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டதாகக் கவுண்டரில் கையை விரித்தார்கள். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. எந்தக் குழாய் எந்தத் தமனிக்குப் போகிறது, சிரை எத்தனை, மார்புத் தமனி வைத்தார்களா என்பதெல்லாம் இனிச் செய்யப்போகிற மருத்துவருக்கு வழிகாட்டும் வரைபடம். அது எங்கே கிடைத்தது தெரியுமா? பெரியம்மாவின் இரும்பு அலமாரியில், பத்திரம், ரேஷன் கார்டு, ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு ஜவுளிக்கடை மஞ்சள் பையில். மடிப்பில் கிழிந்து, ஒரு மூலையில் கரப்பான் அரித்து, எழுத்து மட்டும் நன்றாக இருந்தது.

இனிச் சிகிச்சை. எல்லாப் புடைப்பையும் உடனே தொட்டாக வேண்டும் என்றில்லை. சின்னதாக, தொந்தரவில்லாமல் இருந்தால் குறிப்பிட்ட இடைவெளியில் படம் எடுத்து அளந்துகொண்டே வரலாம். பெரிதாக இருந்தாலோ, வளர்ந்தாலோ, தொந்தரவு தந்தாலோ விடக்கூடாது. பழைய வழி மறு அறுவை: புடைத்ததை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக்குழாய் வைப்பது. இரண்டாம் தடவை நெஞ்சைத் திறப்பது முதல் தடவை போல இருக்காது. இதயம் நெஞ்செலும்பின் பின்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். புடைப்பே எலும்புக்கு நேர் கீழே இருந்தால் ரம்பம் வைக்கும்போதே உடையலாம். அதனால் திறப்பதற்கு முன்பே தொடை ரத்தக்குழாய் வழியாக இதய நுரையீரல் எந்திரத்தை இணைத்துவிடுவதும் உண்டு.

வயதானவர்களுக்கு இப்போது தொடை வழியாகக் கம்பி விட்டுச் செய்யும் முறைகள் வந்திருக்கின்றன. குழாய் இன்னும் முக்கியமான பகுதிக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தால், துணி உறை போட்ட ஸ்டென்ட்டை உள்ளே விரித்துப் புடைப்பை ஓட்டத்திலிருந்து பிரித்துவிடலாம். குழாய் போனால் போகட்டும், அந்தப் பகுதிக்கு வேறு வழியில் ரத்தம் கொடுக்கலாம் என்றால், சுருள் கம்பியோ குமிழ் அடைப்பானோ வைத்துக் குழாயையே மூடிவிடலாம்.

வராமல் தடுக்க முடியுமா? உறுதி யாரும் தர முடியாது. ஆனால் சிரை கெட்டுப்போவதை மெதுவாக்க முடியும். கெட்ட கொழுப்பான எல்டிஎல்-ஐ 100-க்குக் கீழே இழுத்துப் பிடித்தால் ஒட்டுக்குழாய்களில் கொழுப்பு படிவது குறைகிறது என்று 1997-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. அந்த ஆய்வு அடைப்பைப் பற்றியது, புடைப்பைப் பற்றியது இல்லை. ஆனாலும் இரண்டுக்கும் வேர் ஒன்று. கொழுப்பு மாத்திரையை ‘சூடு’ என்றும் ‘கைகால் வலி’ என்றும் சொல்லித் தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் நம் ஊரில் நிறைய. பிரஷர் மாத்திரைக்கு இப்போது அந்தச் சாக்கும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அறுவை மேசையிலும் மாற்றங்கள் வந்திருக்கின்றன: இதயத்தின் முன்பக்கத் தமனிக்கு மார்பின் உள்பக்கத் தமனியையே இணைக்கிறார்கள். பிறப்பிலேயே தமனி என்பதால் அது பத்து வருடம் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறு திறந்திருக்கும். சிரையைச் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்து அலுங்காமல் எடுக்கும் முறை சுவீடனிலிருந்து பரவியது. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் பைபாஸ் செய்துகொண்ட தலைமுறைக்கு இந்தப் பலன் எல்லாம் முழுதாகக் கிடைக்கவில்லை. புடைப்பு வரும் வயதில் இப்போது இருப்பவர்களும் அவர்கள்தான்.

பெரியப்பாவுக்குப் புடைத்தது வலது தமனிக்குப் போகும் குழாய். மஞ்சள் பைக் காகிதத்தை வைத்துத்தான் அதை உறுதி செய்தார்கள். அவருடைய சொந்த வலது தமனியின் பழைய அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்துவிட்டு, மறுவாரம் அந்தக் குழாயைக் குமிழ் அடைப்பானால் மூடினார்கள். தொடை வழியாகத்தான்.

“காலுல எடுத்தத காலு வழியாவே போயி அடைச்சிட்டானுவளே” என்று வார்டில் படுத்துக்கொண்டு சிரித்தார்.

ஆறு மாதம் கழித்து எடுத்த சிடியில் பைக்குள் ரத்தம் ஓடவில்லை, பை கொஞ்சம் சுருங்கியும் இருந்தது. அந்த ஸ்கேன் பதிந்த தட்டும் பழைய காகிதமும் இப்போது அதே மஞ்சள் பையில் இருக்கின்றன. பை மட்டும் அலமாரியிலிருந்து இறங்கி, முன்னறையில் காலண்டர் ஆணியில் தொங்குகிறது.